கடமைகள் எல்லாம் பயணிக்கு மட்டும்தானா? உல்லாசக் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

நாங்கள் பயணம் செய்த கப்பலை நடத்தும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர், பயணிகள் சேவைப் பிரிவின் தலைவர் ஆகியோரின் கவனத்துக்கு.

மதிப்பிற்குரியவர்களே,

நடுக்கடலில் என் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்ததையும், மறுநாள் காலை எங்களைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டதையும், அதன் பிறகு நாங்கள் பட்ட பாட்டையும் விரிவாக எழுதி உங்களுக்குப் புகார் அனுப்பியிருந்தேன். பல வாரங்கள் கழித்துச் சில வரிகளில் ஒரு பதில் வந்தது. கூடவே ‘பயணிகளுக்கான நடைமுறை ஆலோசனைகளும் விதிமுறைகளும்’ என்ற உங்கள் புதிய கையேட்டையும் இணைத்திருந்தீர்கள். என் கேள்விகளுக்கெல்லாம் விடை அதில் இருப்பதாகவும், இத்துடன் புகார் முடித்துவைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கையேட்டை வரி விடாமல் படித்தேன். என் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் விடை இல்லை. பயணி என்ன கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எதற்கெல்லாம் பணம் திரும்பக் கிடைக்காது என்பவை பக்கம் பக்கமாக இருக்கின்றன. நிறுவனம் என்ன செய்யும் என்று ஒரு பத்திகூட இல்லை. புகாரை நீங்கள் முடித்துவைத்துவிட்டீர்கள்; நான் முடிக்கவில்லை. உங்கள் கப்பலில் ஏறப்போகும் மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கையேட்டில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். சரியான அறிவுரை. கப்பலேறும் நாளில் உங்கள் ஆட்களிடம் ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலை ஆகும், சில சமயம் இரவாகும். கப்பல் புறப்படும் நாளன்றே விமானத்தில் வந்து இறங்காமல் முதல் நாளே துறைமுக நகருக்கு வந்துவிடுங்கள் என்கிறீர்கள். அதுவும் சரி. கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்காவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் வலைப்பின்னலோடு தானாக இணைந்துகொண்டு, ஊர் திரும்பிய பிறகு வரும் பில் மயக்கம் வரவழைக்கும் என்பதையும் எச்சரித்திருக்கிறீர்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் மெழுகுவத்திக்கும் போட்டிருக்கும் தடையில் எனக்கு மறுப்பு இல்லை. 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் பால்கனிகள் வரிசையாகப் பற்றி எரிந்தன. அணைக்காமல் வீசப்பட்ட சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்பது விசாரணையின் முடிவு. கடலில் தீக்கு அஞ்சாதவர் யார்?

அவசரகாலப் பயிற்சி பற்றிய பக்கம்தான் கையேட்டிலேயே உருப்படியானது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு ஒலித்தால் உடனே உங்கள் கூடுமிடத்துக்குச் செல்லுங்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் பின்னர் 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. இன்று நடைமுறையில் இருப்பது 1974இன் வடிவம். அதன்படி, பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கோர்டியா’ பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கூடுமிடப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. விதியை மீறி அல்ல; விதிப்படியே. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகே விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்டவுடனோ பயிற்சி நடந்தாக வேண்டும். இதைப் படித்தால், கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் பயணிகூட ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார். உங்கள் கப்பலில் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுக் கூடுமிடத்தில் அட்டையைக் காட்டினால் பயிற்சி முடிந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டை ஒருவரும் கையால் தொடவில்லை. வயதானவர்கள் நிறைந்த கப்பலில் இது போதுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி என் புகாருக்கு வருகிறேன்.

நள்ளிரவு கடந்த பிறகு அண்ணி என் அறைக்குத் தொலைபேசியில் அழைத்தார். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, இடது தோள் வலிக்கிறது என்றார். கீழ்த் தளத்திலிருந்த மருத்துவ மையத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுசென்றோம். அங்கிருந்த மருத்துவரும் செவிலியரும் காட்டிய அக்கறையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடனே ஈசிஜி எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனை செய்தார்கள், விடியும்வரை பக்கத்திலேயே இருந்தார்கள். கப்பலில் இருதயச் சிகிச்சைக்கான வசதி கிடையாது, விடிந்ததும் கரையிலுள்ள மருத்துவமனைக்குப் போவதுதான் பாதுகாப்பு என்று மருத்துவர் சொன்னார். அந்த முடிவையும் நான் ஏற்கிறேன். நடுக்கடலில் பெரிய மருத்துவமனையை எதிர்பார்க்கும் அளவுக்கு நாங்கள் பேதைகள் இல்லை.

ஆனால் ஈசிஜி முடிவதற்குள் என்னிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டது. ஆகும் செலவு எதுவானாலும் கப்பல் கணக்கில் ஏற்றிக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பட்டியல் இல்லை என்றார்கள். மதுவகைகளுக்கும் மசாஜுக்கும் கேபினிலேயே விலைப்பட்டியல் வைத்திருக்கும் கப்பலில், மருத்துவச் செலவுக்கு ஒரு பட்டியல் இல்லை! கூடப்பிறந்தவன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது யார்தான் பேரம் பேசுவார்கள்? போட்டேன்.

விடிந்த பிறகு எல்லாம் மிக வேகமாக நடந்தது. நானும் அண்ணியும் மருத்துவ மையத்தில் இருக்கும்போதே எங்கள் இரு கேபின்களையும் உங்கள் ஊழியர்கள் காலி செய்து பெட்டிகளைக் கட்டிவிட்டார்கள். குளிர்பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. அண்ணனின் இன்சுலின் அதில்தான் இருந்தது. மருந்தைக் கைப்பையில் வையுங்கள் என்று அறிவுறுத்தும் உங்கள் கையேடு, குளிரில் வைக்க வேண்டிய மருந்தை என்ன செய்வது என்று சொல்லவில்லை. கரையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் உங்கள் துறைமுக முகவர். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, ஓர் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்த எண்ணுக்கு மாலைவரை யாரும் பதில் சொல்லவில்லை. மருத்துவமனை முன்பணம் கேட்டது.

இதைவிடப் பெரிய சிக்கலை நாங்கள் எதிர்பார்த்திருக்கவே இல்லை. கப்பல் பயணிகளாக ஒரு பகல் மட்டும் கரையில் இருக்கத்தான் அந்த நாட்டில் எங்களுக்கு அனுமதி. கப்பல் போன கணமே அந்த அனுமதிக்குப் பொருள் இல்லாமல் போய்விட்டது. ஐசியூ வாசலில் நிற்க வேண்டிய அண்ணி குடியேற்ற அலுவலக வரிசையில் நின்றார். உங்கள் முகவர் ஒரு கடிதம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் வேலை அது. அண்ணன் பிழைத்து நலமாக இருக்கிறார். அந்த ஊர் மருத்துவர்களுக்கும், முன்பின் தெரியாத எங்களுக்கு உதவிய ஒரு செவிலியருக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

மீதி நாட்களுக்கான கட்டணம், நாங்கள் போகாத கரைச் சுற்றுலாக்களுக்கு முன்கூட்டியே கட்டிய பணம், நாங்கள் இறங்காத துறைமுகங்களுக்கான வரி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டிருந்தேன். “சொந்தக் காரணங்களுக்காகப் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது” என்று பதில் எழுதினீர்கள். நெஞ்சுவலி சொந்தக் காரணமாம். இந்த வரியை எழுதியவர் அதை ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார் என்று நம்ப விரும்புகிறேன்.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் சில விவரங்களைக் காட்டினார். 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரையம்ப்’ கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. மின்சாரமும் கழிவறை வசதியும் இன்றி ஆயிரக்கணக்கானோர் நாள்கணக்கில் தவித்தனர். கப்பலை இழுத்துக்கொண்டுதான் கரைசேர்க்க முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் சங்கமே பயணிகளுக்கான உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஆற்றையும் கரையோரத்தையும் தாண்டிச் செல்லும் கப்பல்களில், கரையிலுள்ள மருத்துவ உதவி கிடைக்கும்வரை முழுநேர அவசர மருத்துவ உதவி பெறுவது அதில் ஓர் உரிமை. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணமும், பாதியில் முடிந்தால் பகுதிப் பணமும் திரும்பப் பெறுவது இன்னொன்று. சங்கத்தின் உறுப்பினர்கள் இந்தப் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் கையேட்டில் தேடினேன். ஒரு வார்த்தை இல்லை.

அதேபோல, கப்பல் மருத்துவர்கள் “தனி ஒப்பந்ததாரர்கள்”, அவர்களின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று உங்கள் நிபந்தனைகளில் எழுதியிருக்கிறீர்கள். 1988ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பை ஒட்டி அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலம் இந்த வாதத்தை ஏற்றுவந்தன. 2014 நவம்பரில் அங்கே 11ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கவசம் இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டது. மருத்துவர் அணிவது உங்கள் சீருடை, அமர்வது உங்கள் கப்பலில், பில் வருவது உங்கள் பெயரில். பொறுப்பு மட்டும் எப்படி வேறொருவருடையதாகும்?

கையேடு காப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. “பயணக் காப்பீடு எடுப்பது நல்லது” என்ற ஒரே வரி. அண்ணனின் காப்பீடு முன்பே இருந்த நோய்களுக்குச் செல்லுபடியாகாதது. டிக்கெட்டுடன் சேர்த்து உங்கள் இணையதளமே விற்றது அது. ஒரு பயணிக்கு உண்மையில் உதவ நினைப்பவர் வேறு மாதிரி எழுதுவார். முன்பே இருக்கும் நோய்க்குப் பாதுகாப்பு உண்டா, ஹெலிகாப்டரிலோ விமான ஆம்புலன்ஸிலோ கொண்டுசெல்லும் செலவை ஏற்குமா, உடன் வருபவர் தங்கும் செலவை ஏற்குமா, கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம்வரை செல்லும் செலவைத் தருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று சொல்வார். ஹெலிகாப்டர் எல்லா இடத்துக்கும் வந்துவிடாது என்பதையும் சொல்வார். அதன் பறப்புத் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. பெருங்கடலைக் கடக்கும் பயணங்களில் சில நாட்கள் அந்த எல்லைக்கு வெளியேதான் கழியும். நீண்டநாள் நோய் உள்ளவர்கள் துறைமுகங்கள் அடுத்தடுத்து வரும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இதைச் சொன்னால் சில டிக்கெட்டுகள் விற்காமல் போகலாம். போகட்டும்.

தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாக்கியத்துக்கு வருகிறேன்: “கப்பல் எவருக்காகவும் காத்திருக்காது.” இதையும் நான் மறுக்கவில்லை. துறைமுகத்தில் நிற்கும் நேரத்துக்குக் கட்டணம் உண்டு, வழிகாட்டி மாலுமிக்கு நேரம் குறித்தாயிற்று, அடுத்த கப்பல் வெளியே காத்திருக்கும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு நாடான சாவோ தோமேயில், தனியாகச் சுற்றுலா சென்று தாமதமாகத் திரும்பிய எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு ஒரு கப்பல் கிளம்பிவிட்டது. நாடு விட்டு நாடு அலைந்து, இறுதியில் செனகலின் தக்கார் துறைமுகத்தில்தான் அவர்கள் மீண்டும் ஏற முடிந்தது. உங்கள் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே கொண்டுசேர்ப்பீர்கள். தனியாகப் போனவர்கள் அவர்கள் பாடு. வணிகம் என்ற அளவில் இதுவும் புரிகிறது.

புரியாதது, பயணி பிந்தாமல் இருக்கத் தேவையான விவரங்களைக் கையேடு ஏன் சொல்லாமல் விடுகிறது என்பதுதான். கப்பல் நேரமும் கரை நேரமும் வேறாக இருக்கலாம். கைப்பேசி கரையின் கோபுரத்தைப் பார்த்துத் தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். இறங்கும் முன் கப்பல் நேரத்துக்குத் திருப்பிய சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. புறப்படும் நேரம் வேறு, கடைசியாக ஏற வேண்டிய நேரம் வேறு. இரண்டுக்கும் இடையே வழக்கமாக அரை மணியாவது இருக்கும். கப்பல் கரையணையாமல் நங்கூரமிட்டு நிற்கும் இடங்களில், திரும்பும் கடைசிப் படகு இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடும். சில வழித்தடங்களில் கடவுச்சீட்டை வரவேற்பு மேசையிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். கரையில் நிற்பவரிடம் கப்பல் அட்டையைத் தவிர வேறு எதுவும் இருக்காது. கடவுச்சீட்டின் நகல், கொஞ்சம் ரொக்கம், துறைமுக முகவரின் எண் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவர், பல ஆண்டுகளாகக் கப்பலில் பயணம் செய்துவரும் சகபயணி ஒருவர். உங்கள் கையேடு அல்ல.

நேரக் கண்டிப்பு ஒருவழிப் பாதையாக இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பயணத்தில் ஒரு துறைமுகத்துக்குக் கப்பல் வெகுநேரம் பிந்திச் சென்றது. நகரைப் பார்க்கக் கிடைத்த பகல் பாதியாகிவிட்டது. இன்னொரு துறைமுகத்துக்குப் போகவே இல்லை. ஒலிபெருக்கியில் “செயல்பாட்டுக் காரணங்களால்” என்றார்கள். காற்றா, இயந்திரமா, எரிபொருள் சிக்கனமா என்று வரவேற்பு மேசையில் கேட்டோம். அதே இரண்டு வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதி அந்தத் துறைமுகத்துக்காகவே இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

கடல் சீறினால் துறைமுகத்தைத் தவிருங்கள். ஒருவரும் முணுமுணுக்க மாட்டோம். பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவில் கப்பல் உரிமையாளர்கூடக் குறுக்கிடக் கூடாது என்று பன்னாட்டு உடன்படிக்கையே சொல்கிறது. 2019 மார்ச்சில் நார்வேயின் ஹுஸ்தாத்விக்கா கடற்பகுதியில் புயலுக்கு நடுவே ‘வைகிங் ஸ்கை’ கப்பலின் இயந்திரங்கள் நின்றுபோயின. அலைகளுக்கு மேலே தொங்கவிட்டு 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள் யாரும் ஒரு துறைமுகம் விடுபட்டதற்காகச் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் வணிகக் காரணத்துக்காக எடுத்த முடிவுக்கும் வானிலைக்கான அதே மரியாதையை எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சுற்றுலா (பேக்கேஜ் டூர்) விதிகளின்படி, புறப்படுவதற்கு முன்பே பயணத்தின் முக்கிய அம்சங்களை மாற்றினால் பயணி அபராதமின்றி விலகலாம். விற்றபடி பயணம் அமையவில்லை என்றால் விலைக்குறைப்புக் கேட்கலாம். சாதாரணப் பயணிகள் கப்பலுக்கு அங்கே கிடைக்கும் தாமத இழப்பீடு உல்லாசக் கப்பல் பயணிகளுக்குக் கிடையாது என்பதும் உண்மை. ஓரிடத்தில் கிடைக்கும், இன்னோரிடத்தில் கிடைக்காது. டிக்கெட்டை எந்த நாட்டில் வாங்கினோம், எங்கே ஏறினோம் என்பதைப் பொறுத்து உரிமை மாறுகிறது. எந்தப் பயணிக்கு எந்த விதி பொருந்தும் என்பது உங்கள் சட்டப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்குச் சொல்லித்தர அரைப் பக்கம் போதும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி கண்டால் உடனே தெரிவியுங்கள் என்று கையேடு கெஞ்சுகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்று நோய் கண்டால், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பொதுவில் வெளியிடுகிறது. உங்கள் அவசரத்தின் காரணம் விளங்குகிறது. ஆனால் தெரிவித்தவரை அறையில் அடைத்துவைத்துவிட்டு, அடைபட்ட நாட்களுக்குச் சல்லிக்காசு தர மறுத்தால் யார் முன்வந்து சொல்வார்கள்? மாத்திரையை விழுங்கிவிட்டுப் பந்தியில் போய் நிற்பார்கள். நோயை மறைக்கத் தூண்டுவது உங்கள் விதிதான். போகட்டும், உணவுக்கூட வாசலில் கைக்கு ஜெல் ஊற்ற ஓர் ஊழியரை நிறுத்தியிருந்தீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும் நோரோவைரஸுக்கு ஜெல் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். அங்கேயே இரண்டு கை கழுவும் தொட்டிகள் வைத்திருக்கலாம்.

டிப்ஸ் பற்றிய பக்கத்தில் நேரத்தைச் செலவிட விரும்பவில்லை. நாள்தோறும் கணக்கில் தானாக ஏறும் அன்பளிப்பை நீக்காதீர்கள், அது பணியாளர்களின் வாழ்வாதாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் நீக்கவில்லை. உங்கள் கப்பலில் எங்களை மனிதர்களாக நடத்தியவர்கள் அவர்கள்தான். அவர்களின் வாழ்வாதாரம் முதலில் உங்கள் பொறுப்பு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டிக்கெட் ஒப்பந்தம். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உங்கள் துறையினர் அனைவருக்கும் மனப்பாடம். வாஷிங்டன் மாநிலத்திலிருந்து சென்ற பெண் பயணி ஒருவர் கப்பலில் தவறி விழுந்து காயமடைந்தார். தன் ஊரில் வழக்குத் தொடுத்தார். எந்த வழக்கானாலும் நாட்டின் மறுகோடியிலுள்ள ஃபுளோரிடாவில்தான் தொடுக்க வேண்டும் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டியது நிறுவனம். அவர் பணம் கட்டிய பிறகுதான் அந்த டிக்கெட்டே கைக்கு வந்திருந்தது. நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. உங்கள் ஒப்பந்தத்திலும் இத்தகைய நிபந்தனை இருக்கிறது. காயம் ஏற்பட்டால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கடல்வழிப் பயணிகளுக்கான ஏதென்ஸ் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில் இதே கெடு இரண்டு ஆண்டு. இந்த வேறுபாட்டைத் தெரியாமலேயே உரிமையை இழந்தவர்கள் இருப்பார்கள். சட்டம் அனுமதிக்கும் எல்லாவற்றையும் செய்துதான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆகவே கேட்கிறேன்.

பணத்தை வாங்குவதற்கு முன்னால், டிக்கெட் ஒப்பந்தத்தில் பயணியின் உரிமையைக் குறைக்கும் நிபந்தனைகளை மட்டும் ஒரே பக்கத்தில், படிக்கும் அளவு எழுத்தில் காட்டுங்கள். எந்த நாட்டு நீதிமன்றம், எவ்வளவு கெடு, துறைமுகம் விடுபட்டால் என்ன கிடைக்கும், பாதியில் இறங்க நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். முன்பதிவுக்குத் திறந்திருக்கும் எல்லாப் பயணங்களுக்கும் இது உடனடியாகத் தேவை.

மருத்துவ மையத்தின் கட்டணப் பட்டியலை இணையதளத்திலும் கேபினிலும் வையுங்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கரையில் இறக்கப்படும் ஒவ்வொருவருடனும் உங்கள் பிரதிநிதி ஒருவர் மருத்துவமனைவரை செல்ல வேண்டும். குடியேற்ற அனுமதிக்கான கடிதம் கப்பலிலேயே தயாராக வேண்டும். இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். அறையைக் காலி செய்யும் ஊழியர் குளிர்பெட்டியையும் பெட்டகத்தையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். “சொந்தக் காரணம்” என்ற பிரிவிலிருந்து அவசர மருத்துவ இறக்கத்தை நீக்குங்கள். பயன்படுத்தாத துறைமுக வரியையும் கரைச் சுற்றுலாக் கட்டணத்தையும் கேட்காமலே திருப்பித் தாருங்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் எனக்கும் வர வேண்டியதிலிருந்து தொடங்கலாம்.

துறைமுகம் விடுபட்டால் காரணத்தை அன்றே எழுத்தில் சொல்லுங்கள். வானிலையோ பாதுகாப்போ காரணமில்லை என்றால் கட்டணத்தில் உரிய பங்கைக் கழியுங்கள். நோயைத் தெரிவித்துத் தனிமையில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களுக்கு ஈடு கொடுங்கள். துறைமுக முகவரின் பெயரையும் எண்ணையும் கப்பல் அட்டையின் பின்புறத்தில் அச்சிடுங்கள். பயிற்சியில் லைஃப் ஜாக்கெட்டை நேரில் அணிந்து காட்டுங்கள், கேட்பவர்களை அணிந்து பார்க்க விடுங்கள்.

கையேட்டைத் திரும்பப் பெற்று, நிறுவனத்தின் கடமைகளையும் சேர்த்து மறுபதிப்பு வெளியிடுங்கள். உங்கள் துறையின் சங்கம் 2013இல் ஒப்புக்கொண்ட உரிமைப் பட்டியல் அதன் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

என் புகாரை மீண்டும் திறந்து, அதைப் படிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் பெயரிட்டுப் பதில் எழுத வேண்டும். இந்த மடல் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால், நான் டிக்கெட் வாங்கிய நாட்டின் நுகர்வோர் ஆணையத்திடம் உங்கள் கடிதம், கையேடு, மருத்துவ பில் ஆகியவற்றை இணைத்து மனு கொடுப்பேன். மனு எழுதி வைத்தாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் கப்பலிலிருந்து பாதியில் இறக்கப்பட்ட பயணி ஒருவர்